மிளகுக்கு அஸ்தம் நட்சத்திரம்

மகனே,

போனை எடுக்காத பிள்ளைக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ எழுந்து, குளித்து, வேலைக்குப் போய் வருகிறாய் என்பது எனக்குத் தெரியும். கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தாய் என்று வாட்ஸ்அப் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. கொஞ்ச நேரம் கழித்து 'பிசி நைனா' என்று இரண்டு சொல் வருகிறது. முதல் வாரம் நம்பினேன். இப்போது நம்பவில்லை. ஜப்பானில் இருந்தாலும் நீ என் பிள்ளைதான். தப்பு செய்துவிட்டால் சாப்பிட வராமல் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொள்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. உன் அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டு மேலே ஏறி வருவாள். இப்போது அவள் இல்லை. நான் ஏறி வர முடியாத தூரத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துப் பாதியில் மடித்து வைத்துவிடாதே. கோபம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி, அதை அசைக்கக் கூடாது. வலது கை சும்மாதான் கிடக்கிறது. என் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், பக்கத்தில் நிற்கிற மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. சர்க்கரை முற்றி என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திய நாளிலிருந்து, வாரத்தில் மூன்று நாள் இதுதான் பிழைப்பு. அடுத்த நாற்காலியில் மெத்தைக் கடை பாய் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். போனில் நீ அவர் குரலைக் கேட்டிருக்கிறாய், முகம் பார்த்ததில்லை. டவுனில் மெத்தை, தலையணை தைத்து விற்கிற கடை அவருடையது, இப்போது மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அவருக்கும் அதே மூன்று நாள், அதே நேரம். நான் இந்த மனிதரிடம் பேசுகிற அளவுக்கு வேறு யாரிடமும் பேசுவதில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண்ணைத் தவிர?

தாகத்தைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் சொன்னதில்லை. ஊரில் பாதி லாட்ஜுக்கும், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் தண்ணீர் கேன் போட்டு உன்னைப் படிக்க வைத்தவன் நான். தோளில் கேனோடு மாடி மாடியாக ஏறினேன். இன்று எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். காபி, ரசம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். வாய் காய்ந்தால் ஒரு ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக்கொள்வேன். கொஞ்சம் ஜாஸ்தி குடித்தாலும் அடுத்த முறை எடை பார்க்கும்போது தெரிந்துவிடும். "என்னாங்க ஐயா, சொம்பு சொம்பா அடிச்சீங்களா?" என்று டெக்னீஷியன் பெண் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்பாள். பௌர்ணமிக்கு நம் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு கேனும் டம்ளரும் வைப்பது உன் அம்மா ஆரம்பித்தது, அதை நான் விடவில்லை. கிரிவலம் போகிறவர்கள் செங்கம் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குள் எட்டி வந்து குடித்துவிட்டுப் போவார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நல்லா இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஊரிலேயே கூட்டம் ஜாஸ்தியான அந்த நாளில்தான் எனக்கு வீடு ரொம்பக் காலியாகத் தெரியும்.

உன் அம்மா இருந்தவரை நீயும் நானும் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை. நீ அவளிடம் பேசுவாய். நான் பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் அவள், "இரு, உங்க நைனா கையில தரேன்" என்பாள். "சாப்டியா?" "சாப்டேன் நைனா. நீங்க?" "ஆச்சு. வெச்சிடட்டுமா?" முடிந்தது. அவள் போன பிறகு நீ நேராக என்னையே கூப்பிட வேண்டியதாயிற்று, பாவம். சாப்பாட்டை விசாரித்து முடித்ததும் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். அங்கே மழை உண்டா என்று கேட்பேன். ஜப்பானில் மழை பெய்தால் எனக்கென்ன, பெய்யாவிட்டால் எனக்கென்ன. போனை வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதைக் கேட்கத் திரும்பக் கூப்பிட வெட்கமாக இருக்கும்.

எனக்கு உடம்பு இப்படி ஆனதும் நீ ஓடி வந்தாய். உன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். சோதித்துப் பார்த்ததில் உனக்கே ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்து, நீ கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதாய். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அதைச் சொன்னால் என்னை அடிக்கவே வருவாய் என்று வாயைத் திறக்கவில்லை. இறந்தவர்கள் கொடுக்கிற சிறுநீரகத்துக்குப் பெயரைப் பதிந்து வைத்தோம். அந்த வரிசை நீளம், என் வயதும் இதயமும் அதில் எனக்கு அவ்வளவாக ஒத்தாசை செய்யவில்லை. நீ திரும்பிப் போவதற்கு முன்னால்தான் கேட்டாய்: "நைனா, உங்க ரத்தம் கொஞ்சம் வேணும். ஆராய்ச்சிக்குக் குடுக்கறேன்னு ஒரு கையெழுத்தும் வேணும்."

உன் வேலை இன்னதென்று அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. அதுவரை யாராவது கேட்டால் 'லேப்பில் இருக்கிறான்' என்பேன். அவர்கள் சர்க்கரை டெஸ்ட் எடுக்கிற லேப் என்று நினைத்துக்கொண்டு, உள்ளூரிலேயே வைக்கலாமே என்பார்கள். நீ சாப்பாட்டு மேஜையில் என்னை உட்கார வைத்துச் சொன்னாய். தாய் வயிற்றில் முதல் சில நாட்கள் நம் உடம்பின் செல்லெல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம். அது கண்ணாகவும் ஆகலாம், தோலாகவும் ஆகலாம். ஸ்டெம் செல் என்பது அப்படி எதுவாகவும் ஆகக்கூடிய செல்லாம். வளர்ந்த மனிதனின் ரத்தத்தில் இருக்கிற செல்லையும் அந்த ஆரம்ப நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாமாம். பிறகு அதற்கு வேண்டியதை வேண்டிய வரிசையில் ஊட்டி, சிறுநீரகமாக வளரப் பழக்கலாமாம். என் செல்லில் வளர்வது என்பதால், வேற்றாள் என்று என் உடம்பு அதை விரட்டாது என்றாய். "அப்போ எனக்கு ஒண்ணு வளர்த்துக் குடுத்துடுவியா?" என்றேன். "இல்ல நைனா. அது ரொம்ப சின்னதாத்தான் வரும். உள்ள ரத்தக் குழாய் சரியா ஓடாது. மூத்திரம் வெளிய போக வழி இருக்காது. ஆளுக்கு எடுத்து வெக்கிற நாள் இன்னும் தூரத்துல இருக்குது. இப்போ கத்துக்கறோம், அவ்ளோதான்" என்றாய். நீ ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னாய். கேட்டவன்தான் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

சில மாதம் கழித்து நீ ஒரு படம் அனுப்பினாய். கண்ணாடிக் கிண்ணத்தில் ரோஸ் நிறத் திரவம், அதன் நடுவில் வெளுத்த ஒரு பொட்டு. பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது என்னாங்கண்ணா, வெள்ளை மிளகா?" "என் கிட்னிங்க பாய். ஜப்பான்ல வளருது." அவர் உடனே சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அளவு கம்மியா இருந்தாலும் அம்சமா இருக்குது" என்றார். அன்றிலிருந்து அதற்கு மிளகு என்றே பெயர். "மிளகு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் தன் நாற்காலியில் உட்காருவார். ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "வேற ஆளு ரத்தத்துல இருந்தும் எடுத்துப் பண்ணுவாங்களா, உங்க பையனைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நான் செய்த கூத்து உனக்குத் தெரியும். செல்லெல்லாம் ஒன்றுசேர்ந்து உருண்டையாகத் திரண்டது எந்த நாள், எத்தனை மணி என்று உன்னைத் துருவித் துருவிக் கேட்டேன். "எதுக்கு நைனா?" என்றாய். "சும்மாதான்" என்றேன். நாள்காட்டியைப் பார்த்து அஸ்தம் நட்சத்திரம் என்று கண்டுபிடித்து, அர்ச்சனைத் தட்டோடு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். குருக்கள் வழக்கம்போல, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். என் பெயரைச் சொல்லி அஸ்தம் என்றேன். "உங்களுக்கு ரோகிணின்னா மாமி சொல்லுவா?" என்று உன் அம்மாவை ஞாபகப்படுத்தி நிமிர்ந்து பார்த்தார். இது வெளிநாட்டில் பிறந்தது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பேரனா, பேத்தியா?" எனக்கு ஒரு நிமிஷம் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு உள்ளதைச் சொன்னேன். அவர் கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "உங்க உடம்புலேர்ந்து வந்தது, அதனால உங்க பேரு. பொறந்த நேரம் வேற, அதனால நட்சத்திரம் வேற. தாராளமாப் பண்ணலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். மாதாமாதம் அஸ்தம் வருகிற நாளில் அதற்கு அர்ச்சனை நடந்தது. தட்டில் வருகிற வாழைப்பழம் எனக்கு ஆகாது, அதில் பொட்டாசியம் ஜாஸ்தி. வாசலில் வரும் மாட்டுக்குத்தான் அது போகும்.

மிளகு வந்த பிறகு நீயும் நானும் பேச ஆரம்பித்தோம். அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தேன். இன்று அதற்குச் சாப்பாடு மாற்றினாயா என்று கேட்பேன். நீ எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய், அது எந்தப் பக்கம் குழாய் மாதிரி மடிகிறது என்று விலாவாரியாகச் சொல்வாய். பாதி புரியாது. ஆனாலும் 'ம்' கொட்டிக்கொண்டே இருப்பேன். சொல்லச் சொல்ல உன் குரல் வேகமாகும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அம்மாவிடம் கதை சொல்கிற குரல். இத்தனை வருஷம் கழித்து அது என் பங்குக்கு வந்தது. அது உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட லேப்புக்குப் போய் அதற்கு ஊட்டுகிறாய். என் உடம்பில் ஒரு பொட்டுக்குப் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான், மீதி உடம்பு இட்லி மாவு வாங்க இங்கே தனியாகக் கடைக்குப் போகிறது என்று பாயிடம் சொல்லிச் சிரித்தேன். பாயும் சிரித்தார், அவருக்கும் புரிந்தது.

கார்த்திகை தீபத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். கடைசியில், "மிளகை விட்டுட்டு வர முடியாது நைனா, சாப்பாடு மாத்தணும்" என்றாய். சரி, அதுவும் என்னுடையதுதானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் சுவரைப் பிடித்துப் பிடித்து மொட்டைமாடிக்கு ஏறினேன். மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் ஊர் முழுக்க அரோகரா என்று எழுந்தது. பக்கத்து மாடிகளில் குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். நீ வருவாய் என்று எடுத்து வந்து போட்டிருந்த இன்னொரு நாற்காலியில் துண்டை மடித்து வைத்துவிட்டு நான் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள்தான் உன்னிடம் புதுப் படம் கேட்டேன், பாய் நச்சரிக்கிறார் என்று.  லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "நைனா, அது இல்ல." "எது இல்ல?" "மிளகு இல்ல நைனா. ஆடி மாசமே போயிடுச்சி. பூஞ்சை புடிச்சி அந்த வரிசைக் கிண்ணமெல்லாம் வீணாயி, மருந்து ஊத்திக் கொட்டிட்டோம். அதுக்கப்புறம் உங்களுக்கு அனுப்பின படமெல்லாம் வேற யாரோடதோ. சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன்." அப்புறம் நீ அழுதாய். உறைய வைத்த என் செல் இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது, ஆனால் மறுபடி ஆரம்பிக்கக் கை வரவில்லை என்றாய்.  "சரி விடு. சாப்டியா?" என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அன்றோடு சரி, உன் குரலை நான் கேட்கவில்லை.

அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். என்னுடையது ஒன்று போயிருக்கிறது, தீட்டு உண்டா இல்லையா என்று யாரைக் கேட்பது? ஊற்றிக்கொண்டபோது பைத்தியக்காரத்தனமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. ஆடி போய் எத்தனை அஸ்தம் வந்தது, இல்லாத ஒன்றுக்கு ஆயுள் கேட்டு நின்றிருக்கிறேனே என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தீபம் ஞாபகத்துக்கு வந்தது. ஆடியிலேயே போன மிளகுக்குக் கார்த்திகையில் என்ன சாப்பாடு? வர முடியாமல் இல்லை, என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நீ வரவில்லை. என் கோபம் அதற்குத்தான். மிளகு செத்ததற்கு இல்லை, நீ மறைத்ததற்குக்கூட இல்லை. நீ வந்திருக்கலாம். வெறுங்கையோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த முறை இங்கே வந்து சாய்ந்தேன். பாய் உள்ளே நுழையும்போதே, "மிளகு எப்படிங்க இருக்குது?" என்றார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு, பதிலுக்காக என் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்குதுங்க பாய்" என்று என் வாய் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். "கொஞ்சம் பெருசாகூட ஆயிருக்குதாம்" என்று யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.  அதற்கடுத்த முறையும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்பதற்கு முன்பே தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் உன் 'பிசி நைனா' எனக்குப் புரிந்தது. ஆடியிலிருந்து நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. நீ தன்னந்தனியாக, அந்த ஊரில், அத்தனை மாதம் வைத்திருந்தாய். அந்தக் கணத்தில் உன் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது மகனே. தீபத்துக்கு வராத கோபம் மட்டும் இருக்கிறது, அது இருக்கட்டும்.

பாயிடம் சொல்லிவிட்டேன். போன முறை, ஊசி ஏற்றி மெஷின் ஓட ஆரம்பித்ததும், "மிளகு போயிடுச்சிங்க பாய். ஆடியிலயே. எனக்கே இப்பத்தான் தெரியும். ஃப்ரீசர்ல என் செல்லு மட்டும் மிச்சம் இருக்குதாம்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மெஷின் நிற்கிறவரை அப்படியே கிடந்தார், போகும்போது வழக்கமாகச் சொல்கிற "வரேங்கண்ணா" கூட வரவில்லை. இருந்த ஒரு மனுஷரையும் இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். இந்த ஊரில் எனக்கு அவ்வளவுதான் பாக்கி இருந்தது.

இன்று காலை அவர் எனக்கு முன்னாலேயே வந்து படுத்திருந்தார். நான் உட்கார்ந்ததும் சீலிங்கைப் பார்த்தபடியே பேசினார். "வீட்ல யோசிச்சேங்கண்ணா. எனக்கும் ஒண்ணு வரும்னு மனசுல ஒரு ஓரமா வெச்சிட்டிருந்தேன். அதான் அன்னிக்கு வாய் வரல, தப்பா எடுத்துக்காதீங்க." நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஃப்ரீசர்ல உங்களுது மிச்சம் இருக்குதில்ல?" "இருக்குதாம்." "அப்புறம் என்னா? மறுபடி வெக்கச் சொல்லுங்க. நமக்கு வராது, அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாளைக்கு இந்த சேர்ல ஒருத்தன் வந்து உக்காருவான்ல? அவனுக்கு வரட்டும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நமக்கும் கேக்கறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல" என்றார். அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார். இப்போது குறட்டையும் சேர்ந்துவிட்டது.

அவர் சொன்னதற்கு மேல் நான் உனக்குப் புத்தி சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி ஆரம்பி. எனக்காக என்று ஆரம்பிக்காதே. அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டுதான் உனக்குக் கை வராமல் போயிற்று என்று நினைக்கிறேன். யாரோ ஒருவனுக்காக என்று ஆரம்பி. பூஞ்சை பிடித்தால் அன்றைக்கே எனக்குச் சொல். இரண்டு பேருமாகத் திட்டிக்கொள்வோம், அந்தப் பூஞ்சையை. நல்ல சேதி இருந்தால்தான் நைனாவைக் கூப்பிடலாம் என்று உனக்கு யார் சொன்னது? நானே சொல்லாமல் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ என்னவோ. ஒரு சேதியும் இல்லாமலும் கூப்பிடு. மூச்சுச் சத்தம் கேட்டாலும் போதும், மழையைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன். ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதே. இந்த நாற்காலிக்கு என் வீட்டிலிருந்து நான் ஒருத்தன் போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று அஸ்தம். பழக்கதோஷத்தில் கால் தானாகக் கோயிலுக்குப் போய்விட்டது, கையில் தேங்காய், பழத்தோடு தட்டு வேறு. குருக்கள் என்னைப் பார்த்ததும், "அஸ்தம்தானே, உங்க பேரு" என்று தட்டை வாங்கினார். "இல்லீங்க சாமி, இன்னிக்கு என் பையனுக்கு" என்று சொல்லி உன் பெயரைச் சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார். நான் நின்றேன். மகனே, எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாதான் எப்போதும் சொல்வாள், நான் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கிண்ணத்தில் இருந்த பொட்டுக்கு மணி, நிமிஷம் பார்த்து நட்சத்திரம் கண்டுபிடித்தவனுக்கு, பெற்ற பிள்ளையின் நட்சத்திரம் வாயில் வரவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். குருக்கள் பக்குவமாக, "பரவால்லை, சுவாமி பேருக்கே பண்ணிடலாமா?" என்றார். "வேணாங்க. கேட்டுட்டு வரேன்" என்று தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் ஜாதகம் பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு அடியில் எங்கேயோ இருக்கும். நான் தேடவில்லை, தேடப் போவதும் இல்லை. தேங்காய் ஃப்ரிட்ஜ் மேல் உடைக்காமல் இருக்கிறது. போன் பண்ணி, உன் நட்சத்திரம் என்னவென்று நீயே சொல்.

நைனா